அம்மாவின் காதில் சொன்ன படம்

பாளையங்கோட்டையில் நாங்கள் முதன்முதலாக அரசியல் ஆவணப்பட விழா நடத்தியபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா முக்கூடல் பக்கத்துக்காரி. முப்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றியவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், இங்கிலீஷ் தெரியாது. அவளோடு பீடிக்கடைக்குப் போய்வரும் ஏழெட்டுப் பெண்களும் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். சனிக்கிழமை அரைநாளை விட்டுவிட்டு வருவதென்றால் அன்றைக்குச் சுற்ற வேண்டியதில் பாதி போச்சு, கூலியிலும் பாதி போச்சு. அது தெரிந்துதான் வந்தார்கள்.

மத்தியானம் ஓடிய படம் ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்'. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அந்தத் துக்கம் தாளாமல் விலாஸ் கோக்ரே என்ற பாட்டுக்காரர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே தொடங்கி 14 வருடம் எடுத்த படம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். பேச்செல்லாம் மராத்தி, இந்தி. கீழே இங்கிலீஷ் எழுத்து.

பத்து நிமிடம் அம்மா பேசாமல் பார்த்தாள். அப்புறம் என் முழங்கையைத் தொட்டாள். "ஏட்டி, அந்தப் பொம்பள அழுதுக்கிட்டே என்ன சொல்லுதா?"

"சுட்டதுல வீட்டு ஆளு செத்துப்போச்சாம்மா" என்று காதோடு சொன்னேன். அடுத்த வரியையும் சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையிலிருந்த இரண்டு பேர் நாற்காலியைப் பாதி திருப்பிக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியம்மா எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நடுவே தலையை நீட்டி, "சத்தமாத்தான் சொல்லேன் தாயி, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள். சத்தமாகச் சொன்னேன். நாலு வரிசை தள்ளி யாரோ "உஷ்" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அவர்களும் படம் பார்க்கத்தான் வந்தார்கள். நான் நிறுத்திக்கொண்டேன். இடைவேளையில் காப்பி குடித்துவிட்டு அந்தப் பெண்கள் வேனில் ஏறிவிட்டார்கள். "இலை நனைச்சு வச்சிட்டு வந்தோம் பிள்ள, காஞ்சிரும்" என்றார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை.

இரண்டு நாளில் 11 படம் போட்டிருந்தோம். மண்டபம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், நல்ல பேச்சு நடந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த வேன் கிளம்பிப்போனது தொண்டையில் முள்ளாக நின்றது. கூலி, சாதி, நிலம், தண்ணீர் என்று நாங்கள் போட்ட படமெல்லாம் அந்த வேனில் ஏறிப்போனவர்களின் வாழ்க்கை. அவர்கள் பார்க்கத் தோதில்லாமல் அதை நடத்தியிருக்கிறோம்.

இப்போது மூன்று முறை நடத்தி முடித்துவிட்டோம். நடுவில் கற்றுக்கொண்டதை, இப்படி ஒன்றை நம் ஊரில் நடத்த நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஆறு பேர். மதுரையில் மறுபக்கம் அமைப்பு 1998 முதல் நடத்திவரும் ஆவணப்பட விழாவையும், திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாதமி 2008இல் தொடங்கிய விழாவையும் பார்த்துப் பழகியவர்கள். நாகர்கோவில் வழியாக ரயிலேறிப் போய் நாலு நாள் தங்கி, காலை ஒன்பது மணி முதல் ராத்திரி வரை படம் பார்த்துவிட்டு வருவோம். அங்கே பார்த்ததை அப்படியே பாளையங்கோட்டைக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தது எங்கள் பிழை. அந்த விழாக்களுக்கு வருகிறவர்கள் படம் பார்க்கவென்றே வீட்டை விட்டு வந்தவர்கள். எங்கள் ஆட்கள் வேலை முடிந்து வருகிறவர்கள்.

வழி காட்டியது எங்கள் குழுவிலேயே மூத்தவரான ஓர் அண்ணாச்சி. விக்கிரமசிங்கபுரத்துக்காரர், பாபநாசம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அம்மா காதில் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, "அதையே மைக்கில சொன்னா என்ன?" என்றார். 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதையும், பேசாப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் வைத்திருந்ததையும் அவர்தான் ஞாபகப்படுத்தினார். நம் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கதை கேட்கிற ஜனம் இருக்கிறது. அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால் விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறார்கள். காதால் கேட்டுப் பழகியவர்களிடம் எழுத்தைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறோம்.

ஆகவே வில்லுப்பாட்டுக்காரர் ஒருவரிடமே போனோம். அம்பாசமுத்திரம் பக்கம், அறுபது வயதைத் தாண்டியவர். பெண் குரலுக்கு ஓர் அங்கன்வாடி டீச்சர். படம் ஓடும்போது இரண்டு பேரும் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும். நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

இதற்கென்று எடுத்துக்கொண்ட படம், பார்பரா காப்பிள் எடுத்த 'ஹார்லன் கவுன்டி யு.எஸ்.ஏ.' 1976இல் வந்தது, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதியில் புரூக்சைடு என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் 1973இல் தொடங்கிய ஸ்டிரைக்தான் கதை. மறியலில் இத்தனை பேர்தான் நிற்கலாம் என்று நீதிமன்றம் கட்டுப்படுத்தியதும், தொழிலாளிகளின் மனைவிமார் கையில் கம்போடு சாலைக்கு வந்து நிற்பார்கள். பீடி சுற்றும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை.

முதல் வேலை, பேச்சு முழுவதையும் நேரக் குறிப்போடு எழுத்தில் வாங்குவது. இயக்குநரிடமோ விநியோகஸ்தரிடமோ திரையிட அனுமதி கேட்கும்போதே சப்டைட்டில் கோப்பையும் கேட்டுவிட வேண்டும். அனுமதி கேட்காமல் எங்கிருந்தாவது இறக்கிப் போடுவதை நாங்கள் செய்வதில்லை. நம் நாட்டு ஆவணப்பட இயக்குநர்கள் பலர் காசு கேட்காமலே தருகிறார்கள். கூட்டம் என்ன பேசியது என்று எழுதுங்கள், அது போதும் என்கிறார்கள். வெளிநாட்டுப் படத்துக்குக் கட்டணம் உண்டு. சின்ன ஊர், டிக்கெட் கிடையாது என்று விவரமாக எழுதிக் கேளுங்கள்; கேட்டால்தான் குறைப்பார்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. முதல் வரைவில் ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கி வைத்தேன். சொல்லிப் பார்த்தால் தமிழ் முடிவதற்குள் படம் இரண்டு காட்சி தாண்டிவிடுகிறது. கண்ணால் வாசிக்கிற வேகம் வேறு, வாயால் சொல்கிற வேகம் வேறு. பாதியாகக் குறைத்தேன். அப்புறமும் குறைத்தேன். யார் பேசுகிறார், என்ன கேட்கிறார், என்ன நடந்தது. இவை மூன்றும் நின்றால் போதும், மிச்சத்தை முகம் சொல்லிவிடும். எந்தத் தமிழில் சொல்வது என்பதிலும் நாலு நாள் சண்டை. சுரங்கக்காரர்கள் பேசுவது அவர்கள் மலைப்பக்கத்துப் பேச்சு. அதை மேடைத் தமிழில் சொன்னால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. முழுக்க நெல்லைப் பேச்சில் சொன்னால் அவர்கள் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். சாதாரணப் பேச்சுத் தமிழ், அழுத்தமான வட்டாரச் சொல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஸ்டிரைக்கை உடைக்க வருகிறவனுக்கு நம்மிடம் 'கருங்காலி' என்ற சொல் இருக்கிறது. அதைச் சொன்னபோது மில் அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒத்திகையில்தான் உண்மையான சிக்கல் வந்தது. வில்லுப்பாட்டுக்காரருக்குக் குரல் அருமை. ஆனால் கதை சொல்லிப் பழகிய வாய், சும்மா இருக்காது. கம்பெனி அதிகாரி திரையில் வந்ததும், "இதோ வாரான் பாருங்க பாவி" என்று சேர்த்துவிட்டார். நாங்கள் சிரித்துவிட்டோம். அங்கன்வாடி டீச்சர் சிரிக்கவில்லை. "அவன் பாவியா இல்லையான்னு பாக்கவங்க சொல்லட்டும் பெரியப்பா. நாம சொல்லிட்டா அப்புறம் அவங்க எதுக்கு வாராங்க?" என்றார்.

வில்லுப்பாட்டுக்காரருக்கு வருத்தம். "நான் கதை சொல்லுதவன் தாயி. எழுதுனத மட்டும் சொல்லுன்னா கையக் கட்டிப்போட்ட மாதிரில்லா இருக்கு" என்றார். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் தாமே வந்து, "சரி, படத்துல இல்லாத ஒரு சொல்லும் என் வாயில வராது. ஆனா பாட்டு வார எடத்துல நான் பேச மாட்டேன். பாட்ட பாட்டா கேக்கட்டும்" என்றார். எனக்கு அது பெரிய பாடம். அந்தப் படத்தில் ஃபுளோரன்ஸ் ரீஸ் என்ற மூதாட்டி மேடையேறிப் பாடுவார். 1931இல் அதே ஹார்லன் மாவட்டத்துப் போராட்டத்தின்போது அவரே எழுதிய பாட்டு. அதற்கு முன்னால் அவர் யார், பாட்டு எதைக் கேட்கிறது என்று ஒரே வரி சொல்லிவிட்டு இரண்டு மைக்கும் சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அரசியல் படத்துக்குத் தமிழ் சொல்பவர் யாராக இருந்தாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இயக்குநர் சொல்லாததை நாம் சேர்த்தால் அது பொய். நம் பக்கத்துக்குச் சாதகமான பொய் என்பதால் அது சின்னதாகிவிடாது.

இடத்தை ஊருக்கு மாற்றினோம். முக்கூடலுக்கும் கடையத்துக்கும் நடுவில் மூன்று ஊர், ஊருக்கு ஒரு ராத்திரி. முதல் ராத்திரிக்கு மூங்கிலில் துணித் திரை கட்டிப் பார்த்தோம். மலையிலிருந்து இறங்குகிற காற்று துணியைப் பாய்மரமாக்கிவிட்டது. ஆள்களின் முகம் வீங்கி வீங்கி வடிந்தது. அதனால் திரையை விட்டுவிட்டுச் சுவரைத் தேடினோம். ஊர்ப் பொதுக்கட்டடத்தின் பின்சுவர், சன்னல் இல்லாதது. இளவட்டப் பையன்கள் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, நல்ல சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தார்கள். வெயிலில் காய்ந்ததும் அந்தச் சுவர் வாடகைத் திரையைவிடப் பளிச்சென்று இருந்தது. தெருவிளக்கு ஒன்று சரியாகச் சுவரின் மேலே எரிந்தது. அதை அணைக்க யாரைக் கேட்பது என்று இரண்டு நாள் முன்னாடியே பஞ்சாயத்தில் பேசிவைத்ததால் தப்பித்தோம். ஆனி, ஆடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நம் பக்கத்துக் காற்றுக்கும் சாரலுக்கும் எதுவும் நிற்காது. ஊர்க் கொடை தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசி நல்லது.

ஒலிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: படத்துக்குச் செய்யும் செலவைவிடச் சத்தத்துக்குக் கூடச் செய்யுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்துவிடுவார்கள். படத்தின் சத்தத்தைப் பாதிக்குக் கீழே வைத்து, தமிழ்க் குரலை அதற்கு மேல் வைத்தோம். ஆனால் மூலக் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த மனிதரின் குரல் நடுக்கம் மொழிபெயர்ப்பில் வராது. சொல்பவர்கள் திரையைப் பார்த்து உட்கார வேண்டும், கூட்டத்தைப் பார்த்து அல்ல. தாளில் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். வாசிக்க வைக்கும் சின்ன விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் யார் கண்ணையும் உறுத்தாது. படத்தை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு நகல் பென்டிரைவில். அதே கருவியில், அதே ஒலிபெருக்கியில் முழுப் படத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் கூட்டத்தை உட்கார வைக்காதீர்கள்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எல்லோருக்கும் பயம். பொதுமக்களுக்குப் படம் திரையிட 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ஆவணப்படத்துக்கும் அதே சட்டம்தான். முன்தணிக்கை செல்லும் என்று 1970இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே கே.ஏ. அப்பாஸ் எடுத்த ஓர் ஆவணப்படத்தைப் பற்றியது. விழாக்களுக்கு விலக்குக் கேட்கலாம். கேட்டாலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 2017இல் திருவனந்தபுரம் விழாவிலேயே மூன்று படங்களுக்கு மத்திய அமைச்சகம் விலக்குத் தர மறுத்தது. மாநில அரசின் அகாதமிக்கே அந்தக் கதி என்றால் நம் போன்றவர்கள் காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டாமா? ஆனந்த் பட்வர்தன் தன் படங்கள் பலவற்றின் சான்றிதழுக்காகப் போராடியதன் அருமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய 'ராம் கே நாம்' படத்துக்கு 'யு' சான்றிதழும் தேசிய விருதும் உண்டு. அப்படியிருந்தும் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தூர்தர்ஷனில் காட்ட முடிந்தது. இருந்தாலும் கையில் அந்தச் சான்றிதழின் நகல் இருந்தால் காவல் நிலையத்தில் பேச்சே வேறு மாதிரி இருக்கிறது.

முதல் வருடம் ஒரு மண்டபத்தில் பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகு, 'அரசியல்' என்ற சொல் நோட்டீசில் இருப்பதைப் பார்த்துவிட்டு இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து என்ன படம், எத்தனை மணிக்கு, யார் பேசுகிறார்கள், எந்தச் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, இட உரிமையாளருக்கும் காவல் நிலையத்துக்கும் பத்து நாள் முன்பே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுகிறோம். கூட ஒரு வக்கீலும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் வருவார்கள். பெயரில் உள்ள 'அரசியல்' என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று எங்களில் இரண்டு பேர் கேட்டார்கள். எடுக்கவில்லை. கூலி கேட்பது அரசியல்தான்.

பணத்துக்கு உண்டியல். 2006இல் கோரக்பூரில் தொடங்கி வட இந்தியாவில் பல ஊருக்குப் பரவிய 'பிரதிரோத் கா சினிமா' இயக்கம் கம்பெனிப் பணம் வாங்காமல் மக்கள் காசிலேயே நடக்கிறது. 1980களில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா குழு நண்பர்களும் கேரளத்தில் ஊர் ஊராகப் படம் போட்டு ஜனங்களிடம் காசு திரட்டியே படம் எடுத்தார்கள். அந்த வழிதான் எங்களுக்கும். படம் முடிந்ததும் துண்டு ஏந்திப் போவோம். மறுநாள் காலையில் வரவு, செலவை ஒரு சார்ட் தாளில் எழுதி அதே சுவரில் ஒட்டிவிடுவோம். ஜெனரேட்டர் வாடகை, சுக்குக் காப்பி, சுண்ணாம்பு என்று எல்லாம் இருக்கும். கணக்கை நின்று வாசிக்கிறவர்கள் அதிகம்.

இனி நான் மிகவும் யோசித்து எழுத வேண்டிய ஒன்று. நெல்லையில் அரசியல் ஆவணப்படம் என்றால் 1999 ஜூலை 23 வராமல் போகாது. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன பேரணியில் போலீஸ் தடியடி நடத்த, ஜனம் தாமிரபரணிக்குள் ஓடி, 17 உயிர் போன நாள். அதில் பெண்களும் உண்டு, ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. நெல்லையில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன் அதை ஆவணப்படமாக எடுத்தார். அதை இரண்டாம் வருடம் போட்டோம். தமிழ்ப் படம், மைக் வேண்டாம், நமக்கு இன்று வேலை இல்லை என்று நினைத்துவிட்டோம். ராத்திரி கடைசிப் படமாக வைத்தோம்.

ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் ஒரு அக்கா எழுந்து வெளியே போனார். டீச்சர் பின்னாலேயே போனார். அந்த அக்கா அன்றைக்கு ஆற்றில் இறங்கிக் கரையேறியவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. திண்ணையில் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன் டீச்சர். இல்லன்னா தெரிஞ்சு வந்திருப்பேன்" என்றாராம். படம் முடியும்போது மணி பதினொன்று. பேச நேரமில்லை. எல்லோரும் அந்தக் கனத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் வருடம் அதே படத்தைப் பகலில் போட்டோம். இன்ன நாளில் நடந்தது, இன்ன காட்சி வரும், பார்க்க முடியாதவர்கள் இருக்க வேண்டாம், வெளியே உட்கார இடமும் ஆளும் உண்டு என்று முதலிலேயே நின்று சொன்னோம். படத்துக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் வேறு எதுவும் வைக்கவில்லை. அந்த அக்கா வந்திருந்தார். முழுவதும் பார்த்தார். மாஞ்சோலை எஸ்டேட் குடும்பங்களை 2024இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி மலையிலிருந்து இறங்கச் சொன்னதைப் பற்றித்தான் அன்று பேச்செல்லாம் போனது. 1999ஐப் பற்றிப் பேச வைத்த கூட்டம் இப்படிப் போகிறதே என்று இழுத்துப் பிடிக்காமல் விட்டோம். அதுதான் சரி என்று நினைக்கிறேன். அந்நிய மொழிப் படத்துக்குச் சொல் ஆயத்தம் வேண்டும். நம் வீட்டுக் காயத்தைப் பற்றிய படத்துக்கு ஆள் ஆயத்தம் வேண்டும்.

படத்துக்குப் பின் பேச்சு நடத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வருடம் சிறப்பு விருந்தினர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார், நல்ல பேச்சுதான், ஆனால் அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது விருந்தினர் கிடையாது. மைக்கை அணைத்துவிட்டு, நாற்காலியை ஒதுக்கிப் பாயை விரித்து வட்டமாக உட்காருகிறோம். நின்று பேசச் சொன்னால் பெண்கள் பேசுவதில்லை. உட்கார்ந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலத் தொடங்குவார்கள், அது தானாகப் பரவும்.

ஹார்லன் படம் ஓடிய ராத்திரிக்கு வருகிறேன். இரண்டாம் ஊர், சுண்ணாம்புச் சுவர். பெண்கள் பீடித் தட்டோடு வந்துவிட்டார்கள். திரை வெளிச்சத்திலேயே சுற்றினார்கள்; கண் திரையில், விரல் இலையில். வில்லுப்பாட்டுக்காரரின் குரலும் டீச்சரின் குரலும் மாறி மாறி வந்தன. சுரங்கத் தூசியால் நெஞ்சடைத்த கிழவர்கள் இருமிக்கொண்டு பேசும் இடத்தில், கூட்டத்துக்குள்ளேயும் இருமல் கேட்டது. லோயிஸ் ஸ்காட் என்ற பெண் தன் உடுப்புக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்தபோது, "நாம சுருக்குப்பை வைக்க எடத்துல அவ என்னத்த வச்சிருக்கா பாரு!" என்று ஒரு ஆச்சி கத்த, கூட்டமே சிரித்தது. அடுத்த இரண்டு வரி யாருக்கும் கேட்கவில்லை, பரவாயில்லை.

கடைசிப் பகுதியில் லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற இளம் தொழிலாளியைச் சுட்டுவிடுவார்கள். அவன் மனைவிக்கு 16 வயது, கையில் குழந்தை. சவ அடக்கத்தில் அவன் தாய் நிலை குலைந்து விழுவாள். தாளில் அந்த இடத்துக்கு நான் நாலு வரி எழுதியிருந்தேன். வில்லுப்பாட்டுக்காரர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மைக்கைக் கீழே வைத்துவிட்டார். டீச்சரும் வைத்துவிட்டார். அந்தத் தாயின் அழுகை மட்டும் சுவரில் இருந்து வந்தது. என் பக்கத்தில் அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. பாதி சுற்றிய பீடி, நூல் கட்டாமல், அவள் கையிலேயே விரிந்து தூள் மடியில் கொட்டியது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை.

பாயில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "கடைசில கூலி கூடுச்சா?" என்பதுதான். அவன் செத்த பிறகு கம்பெனி சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது என்று சொன்னேன். "ஒரு உசிரு போனாத்தான் போடுவானுவளா?" என்று கேட்டார் ஒருவர். அதற்கு மேல் அரை மணி நேரம் பி.எஃப். கணக்கு, இலை மோசமாக வருவது, கடையில் கழித்துக்கட்டுவது என்று பேச்சு போனது. நான் குறுக்கே பேசவில்லை.

ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கோடு போட்ட நோட்டை வட்டத்தில் சுற்ற விடுவோம். கேட்க நினைத்து விட்டுப்போன கேள்வியை எழுதலாம், எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதலாம். இயக்குநருக்கு அனுப்பக்கூடியதை மொழிபெயர்த்து அனுப்பிவிடுகிறோம். அன்றைய பக்கத்தில் பதினான்கு கேள்விகள் இருந்தன. கடைசிக் கேள்வி அம்மாவின் கையெழுத்து, எழுத்துக் கூட்டி எழுதியது: "அந்தப் பதினாறு வயசுப் பிள்ள இப்ப எங்க இருக்கா, அவ கொழந்தைய யாரு வளத்தா?" அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் எழுதி இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அம்மா கேட்கிறாள்.